பக்கத்துக் கட்டில்காரி

சியான்
மே மாதம், வியாழக்கிழமை பிற்பகல்

அன்பு மகள் ருகியாவுக்கு அம்மா எழுதுவது. இந்தக் கடிதத்தை வீட்டுக்குள் எடுத்துப் போகாதே, வெளியே வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நின்று படி, குழந்தை தாவுத்தைக் கிட்டத்தில் விடாதே, படித்த பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. இதை உறையின் மேல்தான் எழுதியிருக்க வேண்டும், ஆனால் அப்படி எழுதினால் எந்தத் தபால்காரன் தொடுவான், அதனால் உள்ளே எழுதுகிறேன், நீ ஏற்கெனவே பிரித்துவிட்டிருப்பாய், என் புத்தி இன்று அவ்வளவுதான் வேலை செய்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். குழந்தையின் காதுவலி தேவலையா, ஓம்ஸ்க்கில் குளிர் விட்டதா. என் சுகத்தைப் பற்றி எப்போதும் எழுதுகிற வரியை இன்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சற்று முன்புகூடத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது ருகியா, பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகம் முழுக்க ஒரு வெளிநாட்டுக்காரியைத் தேடுகிறார்கள், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த வெளிநாட்டுக்காரி நான்தான். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள். இந்தச் சார்ஸ் காய்ச்சலைப் பற்றி உங்கள் ஊர்த் தொலைக்காட்சியிலும் காட்டியிருப்பார்கள். இங்கே ஏப்ரல் கடைசியில் ஒருநாள் கேட்டைப் பூட்டினார்கள், அன்றையிலிருந்து உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. பெய்ஜிங்கில்தான் அதிகம், சியானில் அவ்வளவு இல்லை என்கிறார்கள், அப்படிச் சொல்கிறவர்களே மூக்கில் தடித்த துணியைக் கட்டிக்கொண்டுதான் சொல்கிறார்கள். வகுப்புகள் நின்றுவிட்டன. கொரியப் பிள்ளைகள் முந்திக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள், நானும் ரயிலைப் பிடிக்கத்தான் பார்த்தேன், அதற்குள் பூட்டு விழுந்துவிட்டது. கிருமி சாகட்டும் என்று வராந்தா முழுக்க வினிகரைக் காய்ச்சிக் காய்ச்சி விடுதியே ஊறுகாய்ப் பானை மாதிரி நாறுகிறது. காலையில் எல்லாருக்கும் ஒரு கசப்பு வேர்க் கஷாயம் கொடுக்கிறார்கள். வேறு வேலை இல்லாமல் வளர்ந்த பையன்கள் மைதானத்தில் பட்டம் விடுகிறார்கள். காலையும் மாலையும் லியூ எங்கள் மாடிக்குத் தெர்மாமீட்டர் கொண்டுவருவாள். லியூவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், எங்கள் மாடியைப் பார்த்துக்கொள்கிற பெண், பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்புவாள், சாவிக் கொத்து வைத்திருப்பாள், யார் யாரோடு எப்போது வந்தார்கள் என்று எல்லாருடைய வம்பும் அவளிடம் கிடைக்கும். அவளும் எங்களோடு உள்ளே மாட்டிக்கொண்டாள். அவள் புருஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கம்பி வழியாகக் கொழுக்கட்டை டப்பாவை நீட்டுவான், இவள் வாங்கிக்கொண்டு, மகள் படிக்கிறாளா இல்லை தொலைக்காட்சி பார்க்கிறாளா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள், அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்லூரி நுழைவுத் தேர்வு. பன்றிக் கறி வைத்தது, நான் தொட மாட்டேன் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஒன்றை நீட்டிவிட்டு, மறந்துபோச்சு அக்கா என்று தானே தின்பாள்.

உன் அப்பா போனில் பேசும்போதெல்லாம், உனக்கு என்ன பயம், அது நம் முன்னோர் ஊர், நம் பேச்சுதான் அங்கே பேச்சு என்பார். வினையே அதில்தான் இருக்கிறது. நம் துங்கான் சனங்கள் இந்த ஊரிலிருந்து பனிமலை தாண்டி உயிர் பிழைக்க ஓடியபோது பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், எழுத்தை இங்கேயே விட்டுவிட்டார்கள், பிற்பாடு ரஷ்ய எழுத்தைக் கடன் வாங்கிக்கொண்டோம். நான் வாய் திறந்தால் ரொட்டிக் கடைக்காரர் மா அண்ணன், நீ எந்தக் கிராமத்துப் பெண்ணம்மா என்று கேட்கிறார், எதிரே இருக்கிற பலகையைப் படி என்றால் நான் குருடி. நம் ஊர் மசன்சிப் பள்ளிக்கூடத்தில் சீனம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, கற்ற பிள்ளைகள் எல்லாம் சந்தையில் மொழிபெயர்க்கப் போய்விடுகிறார்கள், உங்களிடம் பேச்சு இருக்கிறது, எழுத்து மட்டும்தானே, ஒரு வருஷம் போய்வாருங்கள் என்று தலைமை ஆசிரியர் என்னை அனுப்பியது உனக்குத் தெரியும். பேச்சைக் கேட்டிருந்தால் மேல் வகுப்பில் போட்டிருப்பார்கள், எழுத்தைப் பார்த்து அரிச்சுவடி வகுப்பில் போட்டார்கள். தினம் காலையில் முதல் வேலை சொல்வதெழுதுதல். குவோ ஆசிரியர், உன் தம்பி எர்சாவின் வயதுதான் இருக்கும், அவர் சொல்லச் சொல்லக் கட்டம் போட்ட நோட்டில் எழுத வேண்டும். இத்தனை வருஷம் பிள்ளைகளின் காதைத் திருகியவள் நான், இப்போது என் உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்குகிறது. நான் பேசினால் அவர் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார், இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் அவர் தாத்தாவோடு போய்விட்டார்களாம். நான் எழுதினால் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளும், அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவளும் ஒருத்தியே, மடகாஸ்கரிலிருந்து வந்த ஹனித்ரா. இருபது வயது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலுக்கு நடுவில் ஒரு தீவு, வரைபடத்தில் பார். அவளுக்கு எழுத்து அச்சடித்தது போல வரும், ஒருமுறை பார்த்தால் போதும், கை தானாகப் போடும். ஆனால் வாய் திறந்தால் யாருக்கும் புரியாது, குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்குவாள், இறக்க வேண்டிய இடத்தில் ஏற்றுவாள், அதனால் பேசவே பயந்து தலையாட்டிக்கொண்டு திரிவாள். வந்த முதல் வாரத்திலேயே இருவரும் பேசாமலே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டோம். அவள் என் கண், நான் அவள் வாய். நோட்டீஸ் ஒட்டினால் அவள் படித்துக் கையைக் காலை ஆட்டி எனக்குப் புரியவைப்பாள், கடைத்தெருவில் அவளுக்காக நான் பேரம் பேசுவேன். மூன்று வேளையும் சோறு வேண்டும் அவளுக்கு, ரொட்டியைப் பார்த்தால் அழுதுவிடுவாள் போலிருக்கும். விடுதியில் அடுப்பு வைக்கக் கூடாது, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். சோறு அடிப்பிடிக்க வேண்டும் என்றே விடுவாள், அப்புறம் சோற்றை எடுத்துவிட்டு, தீய்ந்தது ஒட்டிக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு அதைத்தான் குடிப்பாள். அவர்கள் ஊரில் வெறும் தண்ணீர் குடிக்கிற பழக்கமே இல்லை போலிருக்கிறது. முதலில் எனக்குக் குமட்டியது, இப்போது நானும் ஒரு கோப்பை குடிக்கிறேன். நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு இருமல் வந்தது. புதன்கிழமை மாலை தொட்டுப் பார்த்தேன், நெற்றி கொதித்தது. லியூ தெர்மாமீட்டரோடு வருவதற்கு முன்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவளுடைய தெர்மாமீட்டரை நான் என் கக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். இதில் என் தப்பு உண்டு, ஆனால் காரணத்தையும் கேள். இங்கே மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டீஸில் எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும், அதில் பதற வேண்டாம் என்று எழுதியிருக்கும். எனக்கு நோட்டீஸ் தெரியாது, ஆனால் வராந்தாவில் லியூவும் துப்புரவுப் பெண்களும் பேசுவது ஒன்று விடாமல் காதில் விழும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன யாரும் திரும்பவில்லை என்பார்கள், பக்கத்துக் கல்லூரியில் ஒரு பையனின் படுக்கையோடு புத்தகத்தையும் கொளுத்தினார்கள் என்பார்கள். செத்தால் பிணத்தைச் சொந்தக்காரர்களிடம் கொடுப்பதில்லை, எரித்துவிடுகிறார்களாம். குளிப்பாட்டுவதில்லை, தொழுகை இல்லை, நெருப்பு. அதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அந்தப் பெண்ணை எப்படிக் காட்டிக்கொடுப்பேன். இஞ்சியும் பூண்டும் சர்க்கரையும் காய்ச்சிக் கொடுத்தேன், வியர்த்து இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

இறங்கவில்லை. இன்று காலை அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை, லியூ உள்ளே வந்து பார்த்துவிட்டாள். லியூவின் முகத்தில் இரத்தமே இல்லை, அலுவலகத்தில் சொல்லக் கீழே ஓடினாள். எனக்குப் பயம் வந்தால் தரை துடைப்பேன் என்று உனக்குத் தெரியுமே, உன் பிரசவத்தின்போது உன் மாமியார் வீட்டுத் தரையை எத்தனை தடவை துடைத்தேன். முக்காட்டை இறுக்கிக் கட்டி, கையை மடித்துவிட்டு, முகமூடியும் போட்டுக்கொண்டு, வாளியில் கிருமிநாசினி கலந்து கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வந்தார்கள், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. ஒருத்தர் ஹனித்ராவைப் போர்வையில் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்தார். இன்னொருத்தர் என்னிடம் திரும்பி, "ஏம்மா, இந்த ரூம்ல இன்னொரு வெளிநாட்டுக்காரி இருக்காளாமே, எங்க அவ? அவளையும் கூட்டிட்டுப் போகணும்" என்று கேட்டார்.

என்னைக் கேட்டார் ருகியா, என்னையே என்னைப் பற்றிக் கேட்டார். கையில் துடைப்பம், தலையில் துணி, முகத்தை முகமூடி மறைத்திருக்கிறது, துப்புரவுப் பெண் என்று நினைத்துவிட்டார். நான்தான் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன், அல்லாஹ் அறிய அப்படித்தான் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "காலைலயே எங்கயோ வெளிய போனாங்க, எனக்குத் தெரியாதுங்க" என்றேன், சுத்தமான மசன்சிப் பேச்சில். அந்தப் பேச்சுக்கு அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வந்தால் உள்ளே விடாதே, உடனே சொல்லி அனுப்பு, ரூமை நன்றாகக் கழுவிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு, ஹனித்ராவிடம் குனிந்து, குழந்தையிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக, உன்னோடு தங்கியிருப்பவள் எங்கே என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, ஆனால் நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, தெரியாது என்றாள். மாசக்கணக்காக அந்தச் சொல்லை அவள் வாயில் ஏற்ற நான் படாத பாடு பட்டிருக்கிறேன், ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. இன்று இந்த ஊரில் பிறந்தவள் போல அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

வராந்தா முனையில் நின்ற லியூ எல்லாவற்றையும் பார்த்தாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் போகும்போது கதவுக்கு வெளியே ஏதோ ஒரு காகிதம் ஒட்டினார்கள், அதில் எனக்குத் தெரிந்த எழுத்து நுழையாதே என்பது மட்டும்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது காலி அறை. வளாகம் முழுக்கத் தேடுகிறார்கள், இங்கே மட்டும் தேடவில்லை. நூலகம், குளியலறை, மைதானம் என்று பையன்கள் கும்பலாகப் போகிறார்கள், பட்டம் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கியில், கஜகஸ்தான் மாணவி ஷா ஃபு லா, எங்கே இருந்தாலும் உடனே விடுதி அலுவலகத்துக்கு வரவும், அவரைப் பார்ப்பவர்கள் அருகில் போகாமல் தகவல் சொல்லவும் என்று மறுபடி மறுபடி சொல்கிறார்கள். சஃபூரா என்ற என் பெயரை யாரோ மூன்று துண்டாக வெட்டி வைத்தது போல இருக்கிறது. ஏதோ ஓநாய் புகுந்துவிட்டது போலப் பெண்பிள்ளைகள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கிறது. அந்த ஓநாய் இங்கே தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

சற்று முன்பு லியூ வந்து கதவில் நகத்தால் சுரண்டினாள். திறக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டோம். சாயங்காலம் வரைக்கும் மூச்சுக் காட்டாதீர்கள் அக்கா, சமையற்கட்டுக்குப் பின்னால் கரி வண்டி வருகிற சின்னக் கதவு இருக்கிறது, அதன் சாவி என் கொத்தில்தான் என்றாள். "தலைல துணியக் கட்டிக்கிட்டுக் கூடையத் தூக்கிட்டு நடங்க. யாராச்சும் கேட்டா ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும். உங்க பேச்சுதான்க்கா உங்களுக்குப் பாஸ்போர்ட்டு" என்றாள். சொல்லும்போதே சிரித்தாள், சிரிப்பு நடுங்கியது. வெளியே போய் மசூதித் தெருவில் மா அண்ணன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து எல்லைப் பக்கம் போய்விடலாமாம். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். பிடிபட்டால் அவள் வேலை போய்விடும், அதையும் யோசித்துத்தான் சொல்கிறாள். ஏன் இவ்வளவு செய்கிறாய் என்று கேட்டேன். "நீங்க பேசும்போது எங்க மாமியா திட்டுற மாதிரியே இருக்கும்க்கா, அவங்க போனதுக்கப்புறம் திட்ட ஆளில்ல" என்றாள். இந்த நேரத்திலும் என்னைக் கிண்டல் பண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை.

ருகியா, நான் போகத்தான் நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், பையில் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். மா அண்ணன் நல்ல மனிதர், கேள்வி கேட்காமல் உட்காரவைத்து ரொட்டியைப் பிட்டுப் போட்டுச் சூப் ஊற்றித் தருவார். அவர் பேத்திகள் இரண்டு பேர், என்னைக் கண்டாலே மடியில் ஏறிக்கொள்கிற பிள்ளைகள், அவர்கள் நினைவு வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் ஒலிபெருக்கி கத்தியது, மறுபடி தூக்கினேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், பாதரசம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் இருந்தால்கூட ஒரு முடிவு இருக்கும். இல்லாதவள் நானாகப் போய் அந்த வார்டில் உட்கார்ந்தால், இல்லாதது அங்கே வந்துவிட்டால் என்ன செய்வது. அங்கே செத்தால் என்னை யார் குளிப்பாட்டுவார்கள். இதையேதான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், அந்த நெருப்பையே நினைக்கிறேன், மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் முடிகிறதோ என்னவோ. எர்சாவின் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், வெங்காயம் தோண்டி முடித்ததும் நடத்திவிடுங்கள், பெண் வீட்டார் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். சிவப்புப் பட்டு உடுப்பும் பூவேலை செய்த செருப்பும் என் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கின்றன, அந்துருண்டை போட்டிருக்கிறேன், வெளியே எடுத்து நிழலில் காய வை. மணப்பெண்ணின் கொண்டையை உன் பெரியம்மாவிடம் விடாதே, இழுத்துக் கட்டிக் கட்டிப் பிள்ளைக்குத் தலைவலி வந்துவிடும், நீயே கட்டு, ஊசிகள் தேநீர் டப்பாவில் இருக்கின்றன. உன் அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல், நான் இல்லாத தைரியத்தில் ஊறுகாயை அள்ளித் தின்கிறார் என்று எர்சா சொன்னான். இந்த விஷயத்தை அவருக்குப் போனில் சொல்லாதே, எர்சா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவனிடம் முதலில் சொல். தெரிந்தால் அப்பா உடனே புறப்பட்டு எல்லையில் வந்து நின்று காவல்காரர்களோடு சண்டை போடுவார். நீயும் கிளம்பி வராதே, யாரையும் உள்ளே விட மாட்டார்கள். தாவுத்துக்குக் காதில் எண்ணெய் ஊற்றாதே, மருத்துவரிடம் காட்டு. நான் சொன்னேன் என்று மாப்பிள்ளையிடம் சொல், குழந்தையை ஜன்னல் ஓரம் படுக்கவைக்க வேண்டாம்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். இப்போது லியூ மறுபடி வந்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்ததாம். அந்தக் கறுத்த பெண் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள், யாருக்கும் புரியவில்லை, தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிடுகிறாள், காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை, அவள் பேச்சுத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்களாம். அலுவலகத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் போனில் பேசவிட்டார்கள், பிரயோசனமில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தீய்ந்த சோற்றுத் தண்ணீர்தான் கேட்கிறாள், காய்ச்சல் வந்ததிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் அவள் விரும்பிக் குடிக்கவில்லை. கதவின் இந்தப் பக்கத்திலிருந்து லியூவிடம் சொன்னேன், சோற்றை அடிப்பிடிக்க விட்டு அந்தப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொல், போனில் சொல்லிவிடு என்றேன். "அந்த ஆஸ்பத்திரில எவக்கா சோத்தத் தீச்சுத் தண்ணி வெப்பா? கிட்டப் போறதுக்கே ஆளில்ல" என்றாள். எழுதிக் காட்டலாம் அவள், அவளைப் போல எழுத யாராலும் முடியாது, ஆனால் கையில் ஊசி ஏற்றியிருந்தால் எப்படி எழுதுவாள். பேனாவை அவள் பக்கத்தில் யார் விடுவார்கள். அவள் வாய் இங்கே கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. முன்பைவிட அதிகமாகத்தான் இருக்கிறது, இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பயந்துகொண்டே எழுந்து நிற்க முடிகிறது, அதுவே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. லியூவைக் கதவுப் பக்கம் கூப்பிட்டேன். "கீழ போயி சொல்லு லியூ. நீங்க தேடுற வெளிநாட்டுக்காரி ரூம்லயேதான் இருக்கா, காலைல தரை தொடச்சவ அவதான்னு சொல்லு. லியூ எதையும் பாக்கலன்னு நான் சொல்லிக்கிறேன்." அந்தப் பக்கம் சாவிக் கொத்து குலுங்கியது. பிறகு, "கடிதாசிய எழுதி முடிங்கக்கா, அதுக்கப்புறம் போறேன்" என்றாள். எழுதி முடித்ததும் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறாள், கிருமிநாசினி தெளித்துக் காயவைத்துத் தபாலில் போடுவாளாம். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. பாவம், அவளுக்கும் வீட்டில் தேர்வு எழுதுகிற பெண் இருக்கிறாள், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அல்லாஹ் உனக்கும் உன் வீட்டுக்கும் நீண்ட ஆயுளையும் மனநிம்மதியையும் கொடுக்கட்டும். என் பேரன் உன்னைவிடப் பிடிவாதக்காரனாக வளரட்டும், அப்போதுதான் நான் பட்டது உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு என் சலாம். கடல் நடுவே அந்தத் தீவில் ஆன்சிராபே என்ற ஊரில் ஹனித்ராவின் அம்மா இருக்கிறாள், அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, மகளுக்குக் காய்ச்சல் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ துஆ கேட்கும்போது மறக்காமல் அவளையும் சேர்த்துக்கொள். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எத்தனையோ நாள் ஆகும். வெயிலில் நின்று நீ இதைப் படிக்கும்போது எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன ஆயிற்று என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கும். எழுதுகிற எனக்குத்தான் தெரியவில்லை, மகளே.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
சஃபூரா